இந்த வீட்டை வாங்காதீர்கள்

கடிதத்தில் ஏழே வரிகள்.

'இந்த வீட்டை வாங்காதீர்கள்.
அஸ்திவாரம் சரியில்லை.
பின்பக்கம் மண் உள்வாங்குகிறது.
அங்கே தோண்டினால் சுவர் சரிந்து விழும்.
வயதானவர்கள் இருக்கும் குடும்பம்.
யோசித்துக்கொள்ளுங்கள்.
நல்லதுக்குச் சொல்கிறேன்.'

ஓடும் ரயிலின் ஜன்னலோரம் அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு ஏந்திப் பிடித்திருந்தார் தபாலம்மா. இருபத்தேழு வருடம் தபால் பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் அலுவலகம் திறந்தார். உறையைப் பார்த்தே எழுதியவரைப் பற்றிப் பாதி சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு.

எதிர் இருக்கையில் அவருடைய உதவியாளர். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். வேலை போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. எல்லோருக்கும் அவர் இன்னமும் கண்டக்டர்தான்.

"அரை மணி நேரமா பார்க்கறீங்க மேடம். ஏழு வரிதானே. இந்நேரத்துக்கு நான் ஒரு பஸ் முழுக்க டிக்கெட் போட்டு முடிச்சிருப்பேன்."

"நீங்க இதுல என்ன பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."

"எழுத்து கோணல் மாணல். ஒண்ணு கிழக்கே சாயுது, ஒண்ணு மேற்கே சாயுது. எழுதப் பழகாத ஆள். இல்லேன்னா இடது கையால எழுதியிருக்கணும்."

"எழுத்தைப் பார்த்துட்டீங்க. எழுத்துக்கு நடுவுல இருக்கறதைப் பார்த்தீங்களா?"

"நடுவுலதான் ஒண்ணுமே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்." தபாலம்மா ஒரு பென்சிலை எடுத்து வரிகளுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். "கோடு போடாத பேப்பர். ஆனா வரிக்கு வரி ஒரே இடைவெளி. இடது ஓரம் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. எழுத்தைக் கெடுத்து எழுதணும்னு நினைச்ச ஆளுக்கு இடைவெளியைக் கெடுக்க வரலை. கை கேட்கலை."

கண்டக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "வாத்தியாரா இருக்குமோ?"

"தெரியாது. தெரியாததாலதான் வண்டியில போயிட்டிருக்கோம்."

முந்தின நாள் காலை அவர்களைத் தேடி வந்தவள் ஒரு நர்ஸ். பிரசவ வார்டில் இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தாள். கணவன் லேத் பட்டறையில் வேலை. மாமியாருக்குப் பக்கவாதம். நகரத்தில் மூன்றாவது மாடி வாடகை வீடு; மாமியார் தரையில் கால் வைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நகரத்தில் வாங்க வக்கில்லாத எல்லாரையும் போல அவர்களும் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக வெளியே தேடிப் போனார்கள். ஐந்தாவது ஸ்டேஷனில் ஒரு வீடு அமைந்தது. தரையோடு தரையான வீடு. பின்னால் காலி இடம். அங்கே மாமியாருக்கு ஓர் அறையும் கழிவறையும் கட்டலாம். வியாழக்கிழமை பத்திரப் பதிவு. அதற்கு மூன்று நாள் இருக்கும்போது இந்தக் கடிதம்.

"இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். அஸ்திவாரம் பாறை மாதிரி இருக்குன்னு சொல்லிட்டார்," என்றாள் நர்ஸ். "பொய்ன்னு தெரியுது. ஆனா எதுக்காக ஒருத்தர் உட்கார்ந்து பொய் எழுதணும்? அது தெரியாம அத்தையை அந்த வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வைக்க மனசு வரலை."

அந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கியபோது காலை பத்து மணி. நகரத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். பிளாட்பாரம் துடைத்துவிட்டது போல் இருந்தது. வெளியே சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நூற்றுக்கணக்கில் நின்றன.

புரோக்கரின் கடை ஸ்டேஷன் வாசலிலேயே இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க மனை வரைபடங்கள். புரோக்கர் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர். கடிதத்தைக் காட்டியதும் மட்டும் அதை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"அடப்பாவி," என்றார் பிறகு. "அதனாலதான் ஒவ்வொருத்தரா கழண்டு போனாங்களா? நான் என் நேரம் சரியில்லைன்னு நினைச்சேன்."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

மேஜை இழுப்பிலிருந்து ஒரு நோட்டு வந்தது. எட்டு மாதத்தில் ஒன்பது குடும்பம். ஒவ்வொருவர் விலாசமும், எதற்காக வீடு தேடுகிறார்கள் என்பதும் அழகாக எழுதியிருந்தது.

"இந்த விலாசமெல்லாம் வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். ஒரு நகல் எடுத்து அவங்க கையிலயும் குடுத்துடுவேன். தொழில் சுத்தமா இருக்கணும் பாருங்க."

கண்டக்டர் நோட்டையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்.

"எட்டுப் பேர்கிட்டேயும் பேசிட்டேன் மேடம். அதுல ரெண்டு பேர் என்னையே மாப்பிள்ளை பார்க்கற மாதிரி விசாரிச்சாங்க. மூணு பேருக்கு இதே கடிதம் வந்திருக்கு, அந்த வயசானவங்க வரி மட்டும் இல்லை. நம்ம நர்ஸம்மாவோட சேர்த்து நாலு. மத்த அஞ்சு பேருக்கு ஒண்ணும் வரலை."

"அந்த அஞ்சு பேர் ஏன் வாங்கலை?"

"பார்க்க வந்த அன்னைக்கு வண்டியில நின்னுட்டே வந்தாங்களாம். தினமும் இப்படியான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டாங்க. அவங்களுக்குக் கடிதம் எதுக்கு, ரயில்வேயே பார்த்துக்குச்சு."

தபாலம்மா நோட்டில் நான்கு பெயர்களின் பக்கத்தில் புள்ளி வைத்தார். புள்ளி வைத்த வரிகளில் புரோக்கர் எழுதியிருந்ததைப் படித்தார். 'பின்னால் ரூம் கட்ட வேண்டும்.' 'கார் ஷெட் போட வேண்டும்.' 'பின்பக்கம் போர்வெல்.' 'தாயாருக்கு ரூம், பாத்ரூம்.' புள்ளி இல்லாத ஐந்து வரிகளிலும் அப்படி எதுவும் இல்லை.

அவர் நோட்டை மூடினார்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர். அவர் தினம் சிட்டிக்குப் போய் வர்றவர், ஏதோ பட்டறையில வேலை. ஞாயித்துக்கிழமைதான் வீடு காட்டுவேன். அவர் கூடவே நின்னு எல்லாம் காட்டுவார். பொறுமையான மனுஷன். அந்த அம்மாதான்..." புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே பொண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி வேலைக்குப் போனவ திரும்பி வரலை. போலீஸ்ல, மேஜர் பொண்ணு, இஷ்டப்பட்டுப் போயிருப்பான்னு சொல்லிட்டாங்க. யாராவது வீடு பார்க்க வந்தாலே அந்த அம்மா உள்ளே போய் அழும். அதுக்கு விக்க மனசில்லை. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வெளியே வந்ததும் கண்டக்டர் சொன்னார்: "முடிஞ்சது மேடம். பொண்ணு என்னைக்காவது வந்தா இந்த வாசல்லதான் வந்து நிக்கும். வீடு கை மாறிட்டா எங்கே போய்த் தேடும்? அதனால அம்மாக்காரி எழுதறா. பாவம்தான். பேசிப் பார்த்துட்டு மத்தியான வண்டிக்குத் திரும்பிடலாம்."

"நானும் அப்படித்தான் நினைக்கறேன்," என்றார் தபாலம்மா. ஆனால் நடையில் வேகம் குறையவில்லை. "ஒண்ணுதான் இடிக்குது. வீடு போகக் கூடாதுன்னு நினைக்கற அம்மா ஒன்பது பேருக்கும் எழுதியிருக்கணும். ஏன் நாலு பேருக்கு மட்டும்?"

தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே கட்டடக்காரர் கட்டி விற்றது. தெருவின் கடைசியில், ரயில் பாதைச் சுவருக்கு முன்னால் அந்த வீடு இருந்தது. கேட்டில் ஒரு தகரப் பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து. 'வீடு விற்பனைக்கு.' கீழே தொலைபேசி எண்.

கண்டக்டர் அந்த எண்ணுக்கு அடித்தார். எதிர் முனையில் யாரோ பேசினார்கள். "மன்னிச்சுக்குங்க," என்று சொல்லி வைத்தார்.

"யாரு?"

"சலூன். முடி வெட்டணுமா, ஷேவிங்கான்னு கேட்டான். வீடு விக்கறீங்களான்னு கேட்டதுக்கு, தினம் ஒருத்தன் இதையே கேட்கறான், கடையை விக்கற நிலைமையிலதான் இருக்கேன், வாங்கிக்கறியான்னான்." புரோக்கர் வீட்டுக்காரரின் எண்ணை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கண்டக்டர் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சீட்டுல கடைசி எண் ஒண்ணு. பலகையில ஏழு. மத்ததெல்லாம் சரி."

தபாலம்மா பலகையருகே போய் நின்றார். எண்களை விட்டுவிட்டு எண்களுக்கு நடுவில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். தலை படிய வாரி, வெளியே புறப்படத் தயாரானவள் போல் இருந்தாள். வீடு வாங்குகிறவர்கள் பக்கத்து ஆட்கள் என்று நினைத்து உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. பாத்திரம், துணி, தையல் மெஷின் எல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது. சுவரில் ஒரு படம் மட்டும் மாட்டியபடி இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தபாலம்மா சுற்றி வளைக்கவில்லை. தான் யாரென்று சொன்னார். கடிதத்தைக் கொடுத்தார்.

அந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. களைப்பு மட்டும் தெரிந்தது.

"இதை யாரு எழுதறாங்க? எங்களுக்கு யாரும் விரோதி இல்லையே."

"நீங்க எழுதியிருப்பீங்களோன்னு நினைச்சு வந்தோம்மா."

"நானா?" அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் எதுக்கும்மா தடுக்கணும்? இந்த வீட்டை விக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறதே நான்தான். அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னார். எட்டு மாசம் முன்னாடி சாப்பிடாம கிடந்து சம்மதிக்க வச்சேன்."

கண்டக்டர் தபாலம்மாவைப் பார்த்தார். தபாலம்மா பார்வையை அந்த அம்மாளை விட்டு எடுக்கவில்லை.

"பொண்ணு வந்தா தேடுவாளேன்னு இல்லையா உங்களுக்கு?"

"அவ வந்து என்னைத் தேடட்டும்னு எத்தனை நாள் இருக்கறது? நான் போய்த் தேடறேன். அவளைக் கடைசியா வண்டி ஏத்தி விட்டது சிட்டிக்கு. அங்கேதான் எங்கேயோ இருக்கா. ஒவ்வொரு சனிக்கிழமையும் போறேன். கடைசி ஸ்டேஷன்ல வாசல்ல நின்னு நோட்டீஸ் குடுப்பேன். சாயங்காலம் திரும்பி வரணும். அங்கேயே ஒரு ரூம் எடுத்துட்டா தினம் நிக்கலாம் இல்ல?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீடு பார்க்க வர்றவங்க முன்னாடி அழறேன்னு புரோக்கர் கோவிச்சுக்கறார். அவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றாங்க. என்ன பண்றது."

அவளே எழுந்துபோய் ஒரு கட்டிலிருந்து நோட்டீஸ் ஒன்றை எடுத்து வந்து கண்டக்டரிடம் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் போகிற வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அதே பழக்கத்தில்.

காணவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வயது இருபத்திரண்டு. கீழே தேதி. திங்கட்கிழமை. காலை ஐந்து பத்து, முதல் ரயிலில் ஏறியவர்.

கண்டக்டர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அவர் பேசிய குரல் தபாலம்மாவுக்கே புதிதாக இருந்தது.

"முதல் வண்டியில ஏறினதை யார் பார்த்தாங்கம்மா?"

"அவர்தான். ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டார். நான் ஊர்ல இல்லை. அக்காவுக்கு ஆபரேஷன், ஒரு வாரம் அங்கே இருந்தேன்."

"இந்தத் தேதி சரிதானா?"

"பெத்தவளுக்கு இந்தத் தேதி தப்புமா?"

கண்டக்டர் நோட்டீஸை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். "அம்மா, எனக்கும் அந்த வாரம் தப்பாது. அந்த வாரம்தான் என் வேலை போச்சு. ஏழு நாளும் தண்டவாள வேலை நடந்துச்சு. முதல் வண்டி கிடையாது. அதுக்குப் பதிலா பஸ் விட்டாங்க. அந்தப் பஸ்ஸுக்கு நான்தான் கண்டக்டர். ஐம்பது பேர் போற பஸ்ல தொண்ணூறு பேரை ஏத்திட்டேன்னு புதன்கிழமை என்னை நிறுத்தினாங்க." அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு இந்த ஸ்டேஷன்ல ரயிலே வரலைம்மா."

அந்த அம்மாள் புரியாதவள் போல் அவரைப் பார்த்தாள். பின்பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு ரயில் போயிற்று. பெட்டிகளின் மேல் வைத்திருந்த கரண்டிகள் கிணுகிணுத்தன.

"உங்க வீட்டுக்காரருக்குப் பட்டறையில என்ன வேலைம்மா?" தபாலம்மா மெதுவாகக் கேட்டார்.

"போர்டு எழுதறது. நம்பர் பிளேட், கடைப் பேரு. பெயின்டர்னா பட்டறை இருக்கற தெருவுல எல்லாருக்கும் தெரியும். வாசல்ல இருக்கறதும் அவர் எழுதினதுதான்."

போர்டு எழுதுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் எண் தப்பாது. தபாலம்மா அதைச் சொல்லவில்லை.

"பின்பக்கம் பார்க்கலாமா?"

பின்பக்கம் நாலு பக்கமும் சுவர் எழுப்பிய சின்ன இடம். துணி காயப்போடும் கம்பி. மூலையில் ஆளுயரத்துக்கு நீளமான ஒரு சிமென்ட் மேடை, துவைக்க வாட்டமாகச் சரித்துக் கட்டியது. வேலை சுத்தம். ஓரங்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. மேலே சோப்புத் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"இது எப்போ கட்டினது?"

"நான் அக்கா வீட்டுல இருந்து வந்தப்போ கட்டி வச்சிருந்தார், அந்த வாரம் முழுக்க வேலைக்கு லீவு போட்டுட்டு. குனிஞ்சு குனிஞ்சு துவைச்சு இடுப்பு போகுதுன்னு சொல்லிட்டே இருப்பேன். முன்னாடி வெறும் கல்லுதான் கிடந்துச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் மேடையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். ஈரம் இருந்தது. அவற்றைப் புடவையில் துடைக்கப் போனவள் துடைக்காமல் அப்படியே முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

தபாலம்மா வாசலுக்குப் போய்த் தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரை அழைத்து, நாலே வாக்கியம் பேசினார். அவர் உள்ளே திரும்புவதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

புரோக்கரின் வாய் சும்மா இருந்திருக்காது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியான வண்டியில் வந்திருந்தார் பெயின்டர். ஒல்லியான, அமைதியான மனிதர். நகக்கண்களில் மஞ்சள் பெயின்ட்.

"வீடு விஷயமா வந்திருக்கீங்களாமே," என்றார் தபாலம்மாவிடம். "யாராவது எதாவது எழுதியிருந்தா நம்பாதீங்க."

கடிதத்தைப் பற்றியும் புரோக்கர் சொல்லியிருக்க வேண்டும்; அதை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அவர் மனைவி கேட்டாள்.

"முதல் வண்டி அன்னைக்கு ஓடலையாமே."

பெயின்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

"யார் சொன்னது?"

"இவர் சொல்றார். பஸ்தான் விட்டாங்களாம். இவர்தான் அதுல டிக்கெட் குடுத்தாராம்."

"ஆமா," என்றார் பெயின்டர் சற்றுப் பொறுத்து. "ஆமா, பஸ்தான். எனக்கு ஞாபகம் இல்லை. பஸ்லதான் ஏத்தி விட்டேன்."

"எங்கே இருந்து?" என்றார் கண்டக்டர்.

"ஸ்டேஷன் வாசல்ல இருந்துதான்."

"நல்ல கூட்டம் இல்ல?"

"ஆமா. கூட்டம். ஜன்னல் வழியா கையைக் காட்டினா."

கண்டக்டர் தலையை ஆட்டினார். "ஸ்டேஷன் வாசல் ரோட்டை அந்த வாரம் தோண்டிப் போட்டிருந்தாங்க. பஸ் ஒரு நாள்கூட அங்கே வரலை. ஒரு கிலோமீட்டர் தள்ளி, தண்ணி டேங்க்குக்கிட்ட இருந்துதான் எடுத்தோம். இருட்டுல எல்லாரும் திட்டிட்டே நடந்து வந்தாங்க. உங்க பொண்ணு வரலை சார்."

பெயின்டர் ஒரு காலில் செருப்போடேயே உள்ளே வந்தார்.

"வாசல்ல தப்பான நம்பர், ஆளே வரக் கூடாதுன்னு," என்றார் தபாலம்மா. "அதையும் மீறி புரோக்கர் கூட்டிட்டு வந்ததுல தோண்டறேன்னு சொன்னவங்களுக்கு மட்டும் கடிதம். வாங்கிட்டுச் சும்மா குடியிருக்கறேன்னு ஒருத்தர் வந்திருந்தா வித்திருப்பீங்க. இல்லையா?"

பெயின்டர் கட்டிய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு மறுக்கவில்லை. மனைவியைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சிட்டியில ரூம் எடுத்துட்டேன், நாளையில இருந்து அங்கேயே இருந்துக்கறேன்னா. வண்டியும் பஸ்ஸுமா காலையில ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டு மணி நேரம். கால் வீங்கிப் போச்சு, வண்டியில ஒருத்தன் தினம் உரசறான், இனிமே முடியாதுன்னா. உங்களுக்காகத்தானே இந்த வீட்டை வாங்கினேன்னு சொன்னேன். பதினஞ்சு வருஷமா நானும் நின்னுட்டுத்தானே போறேன்னு சொன்னேன். யார் உங்களை வாங்கச் சொன்னது, இது வீடு இல்லை, தூங்கறதுக்கு ஒரு ஷெட்டுன்னா." அவர் குரல் உடையவில்லை, பலகையில் இருப்பதை வாசிப்பது போல் இருந்தது. "தள்ளினேன். அடிக்கலை, தள்ளினேன். பின்னாடி துவைக்கற கல்லுல போய்..."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலையா?" மனைவி கேட்டாள்.

"மூச்சு இல்லை."

"நீங்க டாக்டரா?"

பெயின்டர் நகத்திலிருந்த மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டினார்.

"நான் சனிக்கிழமை சனிக்கிழமை போனேனே," என்றாள் அவள். "காலையில நீங்கதானே என்னைக் கொண்டுபோய் வண்டி ஏத்தி விடுவீங்க. பத்திரமா போயிட்டு வான்னு சொல்லுவீங்களே."

பெயின்டர் முகத்தை மூடிக்கொண்டார்.

போலீஸ் ஜீப் வந்தபோது மணி மூன்று. அவரை அழைத்துப் போனார்கள். நாலு மணிக்குக் கடப்பாரையும் ஆட்களும் வந்தார்கள். பக்கத்து வீட்டு மாடிகளில் ஆட்கள் தலை தெரிந்தது. அந்த அம்மாள் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அடி விழும்போதும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. அழவில்லை. தபாலம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தோளில் கை வைத்துப் பார்த்தார். கை இருப்பது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

தபாலம்மா எழுந்து வாசலுக்கு வந்து நர்ஸை அழைத்தார். அன்று அவளுக்குப் பகல் வேலை. எதையும் மறைக்கவில்லை. வாங்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது.

"அந்த அம்மாகூட இப்போ யார் இருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"நாங்க இருக்கோம். அக்கா ஒருத்தங்க இருக்காங்க, தூரத்துல. அவங்க வர நாளைக்கு ஆகும்."

"சரி."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

கண்டக்டர் கேட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அன்னைக்குத் தொண்ணூறு பேரை ஏத்தினேன் மேடம்," என்றார். "ஒரு பொண்ணுகூட விட்டுப் போகக் கூடாதுன்னுதான் ஏத்தினேன். இருட்டுல தனியா நிக்க வைக்க வேண்டாம்னு." நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஆறு இருபது வண்டி வந்தது. நகரத்திலிருந்து திரும்புகிறவர்கள் தெரு நிறைய நடந்து வந்தார்கள். போலீஸைப் பார்த்து நின்றார்கள், விசாரித்தார்கள், கலைந்து போனார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள். சீருடையை மாற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தபாலம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சீருடையைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினாள்.

"நீங்க..."

"போன மாசம் வந்தேனே. மாமியாரை வச்சுக்க வீடு பார்த்தது நான்தாம்மா."

"மன்னிச்சுக்கம்மா. உங்களுக்கும் வீணா அலைச்சல்."

"நான் வீட்டுக்காக வரலை," என்றாள் நர்ஸ். அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

கடப்பாரைச் சத்தம் சற்று முன்பே நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் பின்கதவருகே வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். தபாலம்மாவைப் பார்த்தார்.

"அடையாளம் காட்டணுமா?" நர்ஸ் கேட்டாள்.

"துணியும் கண்ணாடியும் மட்டும் பார்த்தா போதும். நாளைக்குக்கூட..."

"இல்லை. இன்னைக்கே பார்க்கறேன்," என்றாள் அந்த அம்மாள்.

நர்ஸ் அவள் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்து, நோயாளியைத் தூக்கிப் பழகிய லாகவத்தில் மெல்ல நிறுத்தினாள்.

"நீங்க செத்துப் போனவங்களைப் பார்த்திருப்பீங்க இல்ல?" அம்மாள் கேட்டாள்.

"பார்த்திருக்கேன்."

"பயமா இருக்குமா?"

"இருக்கும்மா. நான் கூட வர்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பின்கதவைத் தாண்டி வெளியே போனார்கள்.